கதவை விற்று சோபா வாங்கிய சம்பந்தி அவர்களுக்கு

மரியாதைக்குரிய சம்பந்தி நடேசன் அவர்களுக்கு,

சம்பந்தி, சுகமாக இருக்கிறீர்களா? முழங்கால் மடங்குகிறதா? சம்பந்தியம்மா போன மாதம் பல் பிடுங்கினார்களே, இப்போது முறுக்குக் கடிக்க முடிகிறதா? எங்கள் வர்ஷா ஏழு மாத வயிற்றோடு உங்கள் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? இங்கே மார்சிலிங்கில், எட்டாவது மாடியில், நானும் ரத்தினம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். அதற்கு மேல் நன்றாக இருக்கிறோம் என்று எழுதச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

எழுதுகிற கை என்னுடையது இல்லை, ரவூப் கை. நான் சொல்கிறேன், அவன் எழுதுகிறான். எனக்கும் எழுத்துக்கும் ஆகாது என்பது கல்யாணம் பேச வந்தபோதே உங்களுக்குத் தெரியும். ஜாதகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ‘பிரமாதமாகப் பொருந்துகிறது’ என்று சொன்னவன் நான். ரவூப் லிட்டில் இந்தியாவில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நம் மார்சிலிங் வேங்கைகள் கால்பந்து கிளப்புக்கு ரசிகர் குரூப்பை வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தவனும் அவன்தான். கிளப்புத் தலைவரான உங்களுக்கு அவன்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும், கையெழுத்து அழகாக இருக்கும்.

இது மன்னிப்புக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக அது மறந்துபோகலாம். இன்று காலையில் மாப்பிள்ளை வருண் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “மாமா, அப்பா வளைகாப்புக்கு மண்டபத்துக்கு வரமாட்டாராம். நீங்க பேப்பர்ல எழுதி மன்னிப்புக் கேட்டாத்தான் வருவாராம். நான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன் லா” என்றார். ரத்தினம்மா கையில் அப்போது பருப்புக் கரண்டி இருந்தது. “பெத்த பொண்ணு கையில வளையல் அடுக்கும்போது மாமனார் உக்கார வேண்டிய நாற்காலி காலியாக் கெடக்கணுமா? எவன் கோல் போட்டா என்ன, எவன் வாங்குனா என்ன? லெட்டர் எழுதாம வீட்டுக்குள்ள கால வைக்காதீங்க” என்றாள். கரண்டி இருக்கும்போது நான் விவாதம் செய்வதில்லை. ரயிலேறி ரவூப் கடைக்கு வந்துவிட்டேன்.

ஆகவே மன்னிப்பு. ஆனால் எதற்கு மன்னிப்பு என்று தெரியாமல் கேட்பது, எந்தச் சாமி என்று தெரியாமல் தேங்காய் உடைப்பது மாதிரி. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்களே தராசில் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் கிளப்புக்குத் தலைவரானபோது, பிளாக் முழுக்க வீடு வீடாகப் போய் ‘நம்ம சம்பந்தி தலைவர்’ என்று சொன்னவன் நான். பத்தாவது மாடிச் சீனக் கிழவரிடம்கூடச் சொன்னேன். அவருக்குக் கால்பந்தும் தெரியாது, தமிழும் தெரியாது, ஆனாலும் கை கொடுத்தார். பிறகு அவர் எனக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார், நான் அவருக்கு அதிரசம் கொடுத்தேன், அவருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள்... அது வேறு கதை. இரண்டு வருடம் நன்றாகத்தான் நடத்தினீர்கள். அதன்பின் இந்த ஜனவரியில் ரிஸ்வானைத் தீவின் அந்தக் கோடியில் இருக்கும் பாசிர் ரிஸ் கிளப்புக்குக் கொடுத்தீர்கள்.

சம்பந்தி, ரிஸ்வான் யார்? நம் கோல்கீப்பர். பகலில் பேருந்து ஓட்டுகிற மனிதர், சாயந்திரம் வலைக்கு முன்னால் நிற்கிற மனிதர். ஐந்து வருடம் நின்றார். ஒரு தடவை மழையில் தரை வழுக்கி, முகத்தாலேயே பந்தைத் தடுத்தார். பல் ஆடிப்போனது, பந்து உள்ளே போகவில்லை. அப்படிப்பட்டவரைக் கொடுத்துவிட்டு இரண்டு ஃபார்வர்டை வாங்கி வந்தீர்களே, வந்தவர்களாவது ஓடுகிறார்களா? ஒருவர் ஓடுவதற்கு முன்னால் முடியைச் சரி செய்கிறார். இன்னொருவர் ஓடிய பிறகு சரி செய்கிறார். நடுவில் பந்து போய்விடுகிறது.

நீங்கள் வீடியோ பார்த்து வாங்கியதாகச் சொன்னார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. கல்யாணத்துக்கு அடுத்த வாரம் நாம் இருவரும் தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனோமே, நினைவிருக்கிறதா? நான் ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தூரத்தில் நின்றபடியே ‘அது நல்லா மினுக்குது, அதைக் குடுங்க’ என்றீர்கள். மினுக்கியது மீன் இல்லை சம்பந்தி, மீன்காரர் அதன்மேல் ஊற்றிய தண்ணீர். அன்றைக்குக் குழம்பை யாரும் தொடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆயிற்றே என்று நான் மட்டும் இரண்டு துண்டு தின்றேன். அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் இன்றைக்குக் கிளப் பிழைத்திருக்கும்.

“அண்ணே, ரெண்டாம் பக்கம் முடியப் போவுது. மன்னிப்பு இன்னும் வரல” என்கிறான் ரவூப். வரும், வரும். மன்னிப்பு என்ன ஓடியா போய்விடும்?

ரிஸ்வான் போன அன்று குரூப்பே கொதித்தது. இருநூற்றுப் பதினாலு பேர். ஆளாளுக்குத் தட்டுகிறார்கள். ஒருவர் ‘தலைவர் அவுட்’ என்கிறார், ஒருவர் ‘கோச் அவுட்’ என்கிறார், புக்கிட் மேராவில் இருக்கும் ஒருவர் எதற்கெடுத்தாலும் ‘எல்லாரும் அவுட்’ என்கிறார். நான் தட்டத் தெரியாதவன். அந்த மைக்கை அமுக்கிப் பிடித்துப் பேசத்தான் தெரியும். பேசினேன். நான் என்ன பேசினேன் என்று உங்களுக்கு எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னார்களோ, என் வாயால் சொன்னது இதுதான்: “சம்பந்தி அவங்க செஞ்சது சரியில்ல. கோல்கீப்பரக் குடுத்துட்டு ரெண்டு ஃபார்வர்ட் வாங்கிட்டு வந்திருக்காங்க. வீட்டுக் கதவ வித்துட்டு ரெண்டு சோபா வாங்குன மாதிரி இருக்கு. இப்ப சோபாவுல உக்காந்துக்கிட்டுத் திருடன் வர்றத வேடிக்க பாக்கலாம், சம்பந்தி அவங்களும் கூட உக்காந்து பாக்கட்டும்.” இவ்வளவுதான். இதில் ஒரு கெட்ட வார்த்தை உண்டா? ‘அவங்க’ என்று சொன்னேனா இல்லையா? சம்பந்தி பெயரை வாயால் சொல்லுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே ரவூப் எழுதியிருப்பதுகூட அவனாகப் போட்டது.

என் மரியாதைதான் எனக்கு வினையாகப் போனது. மற்றவர்கள் எல்லாம் உங்களை என்னென்னவோ சொல்லித் திட்டினார்கள், ஒன்றும் நிற்கவில்லை. நான் மரியாதையாகச் சொன்ன ‘சம்பந்தி’ ஒட்டிக்கொண்டது. முதலில் தமிழ் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். மலாய் ரசிகர்கள், இது என்ன பதவி என்று கேட்டிருக்கிறார்கள். நம் முகம்மது யூசுப் இருக்கிறாரே, டிரம் அடிக்கிறவர், அவர் விளக்கிவிட்டார்: பிள்ளையைக் கொடுத்த வீட்டுக்காரரும் எடுத்த வீட்டுக்காரரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி, மலாயில் ‘பெசான்’ என்று. அவ்வளவுதான். “ஓ, பெசானா! எனக்கும் அப்படி ஒரு பெசான் இருக்கார்” என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்கு அவர் பெசான் கார் இரவல் வாங்கிக் கதவை இடித்த கதை, இன்னொருவருக்குப் பெருநாளில் ரெண்டாங் கறியில் காரம் போதாது என்று முகம் சுளித்த கதை. அன்று மத்தியானம் முழுக்கக் கால்பந்தே பேசவில்லை. இனமும் மொழியும் பார்க்காமல் இருநூற்றுப் பதினாலு பேர் ஒற்றுமையாக இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பாசிர் ரிஸ்ஸோடு ஆட்டம் வந்தது. அவர்கள் பக்கம் ரிஸ்வான் நிற்கிறார். நம் பக்கம், முதுகுவலி லீவில் இருந்த டிஃபெண்டரை எழுப்பிக் கொண்டுவந்து, கையுறை மாட்டி நிற்க வைத்திருக்கிறீர்கள். அவருக்குக் குனிய முடியாது. தரையோடு வந்த பந்தெல்லாம் உள்ளே போனது. ஆறு! ஆறு கோல், சம்பந்தி! ஆறாவது கோலின்போது அவர் பந்தைப் பார்த்து வணக்கம் சொன்னது மாதிரி எனக்குத் தோன்றியது. அப்போதுதான் பின்வரிசையில் யாரோ படுக்கை விரிப்பை விரித்தார்கள். அதில் பெரிய எழுத்தில் ‘சம்பந்தி அவுட்’. யூசுப் டிரம்மில் தட்ட, சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் “சம்-பந்-தி அவுட்! சம்-பந்-தி அவுட்!” நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். இருநூறு பேரில் நேராக என்னைத்தான் பார்த்தீர்கள். அந்த விரிப்பு என் வீட்டு விரிப்பு இல்லை என்று சத்தியம் செய்கிறேன். எங்கள் வீட்டு விரிப்பில் மயில் போட்டிருக்கும், வந்து பார்க்கலாம்.

நான் அன்றைக்குக் கத்தவில்லை. ஒரே ஒரு தடவைதான் கத்தினேன், அதுவும் ஐந்தாவது கோலுக்குப் பிறகு. அதையும் ‘சம்பந்தி அவர்களே, அவுட்’ என்று மரியாதையாகத்தான்.

“அண்ணே, மன்னிப்பு” என்கிறான் ரவூப். “எங்கயாச்சும் ஒரு மூலைல போட்டுருவோம்ணே, கேட்ட மாதிரியும் இருக்கும், கேக்காத மாதிரியும் இருக்கும்.” 

டேய் ரவூப், நான் சொல்றத அப்படியே எழுது. சம்பந்தி, எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. மூன்றாவதாக ஒரு ஃபார்வர்ட் வருகிறார் என்று போன வாரம் அறிவித்தீர்களே! இன்னொரு சோபா! கதவில்லாத வீட்டுக்கு எத்தனை சோபா! ரசிகன் பேச்சுக்கு மதிப்பில்லையா? வேலை முடிந்து வந்து, வேர்வை காயாமல், திடலில் போய் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்துகிறவன் என்ன கேனையனா? நீங்கள் பதவியை விட்டு இறங்குகிற வரைக்கும் நான் மைக்கை அமுக்குவதை நிறுத்தப்போவதில்லை. இறங்க வேண்டும், சம்பந்தி. நாளைக்கே இறங்க வேண்டும். நல்லபடியாக இறங்கி, நல்ல வேட்டி சட்டை போட்டுக்கொண்டு வளைகாப்புக்கு வந்து, அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லாமல் உறவைச் சொன்னதால் உங்களுக்கு மனக்கஷ்டம் வந்திருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்பு. ஆறு கோலுக்கு நீங்கள்தான் என்னிடம் கேட்க வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். வர்ஷாவுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பிறக்கிற பிள்ளை உங்கள் நிறமும் எங்கள் கண்ணும், கால்பந்து விஷயத்தில் வேறு யாருடைய புத்தியையாவது வைத்துக்கொண்டு நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்தவன்,
இராமசாமி

பின்குறிப்பு: சம்பந்தி, கவர ஒட்டப் போனான் ரவூப், அதுக்குள்ள அவன் போன் தேனீக்கூடு மாதிரி கத்துது. என்னடான்னா, நீங்க ரிசைன் பண்ணிட்டீங்களாம்! யூசுப்தான் குரூப்புல சொன்னாரு. எல்லாரும் பட்டாசுப் படமாப் போடுறானுங்க. நான் சந்தோசப்படத்தான் வாயத் தொறந்தேன், சத்தியமா. அதுக்குள்ள அடுத்த செய்தி வருது, புதுசா வரப்போறவரு கிளப்பு பேருலேர்ந்து மார்சிலிங்கையே எடுத்துட்டு ஏதோ குளிர்பானம் பேரு வைக்கப்போறாராம். அதுகூடப் பரவால்ல. அந்த புக்கிட் மேராக்காரன், ‘எல்லாரும் அவுட்’னு சொல்றவன், உங்களப் பேரு சொல்லி, ‘டேய் போடா’ன்னு பேசி அனுப்பிருக்கான் சம்பந்தி! டேய்ங்கிறான்! மைக்க அமுக்கி, “யாரப் பாத்துடா டேய்ங்கிற? அவங்க எங்க சம்பந்தி. அவங்களத் திட்ட எனக்கு உரிமை இருக்கு, பொண்ணக் குடுத்திருக்கேன். நீ என்னடா குடுத்த?”ன்னு கேட்டேன். அப்புறம் குரூப்ப விட்டே வெளிய வந்துட்டேன், ரவூப்தான் எந்த பட்டன்னு காட்டுனான். அதனால மேல எழுதுனதுல இறங்கணும்னு வர்ற எடத்தயெல்லாம் அடிச்சுட்டுப் படிங்க. நீங்க போவக் கூடாது. ரிசைன திருப்பி வாங்குங்க. நீங்க போயிட்டா நான் யாரத் திட்டுறது, வாரா வாரம் யாரோ தெரியாத ஆளயா? நாளைக்கே நாம ரெண்டு பேரும் பாசிர் ரிஸ்ஸுக்குப் போவோம், ரிஸ்வான் கால்ல நான் விழுறேன், நீங்க முழங்கால் மடங்குற அளவுக்கு விழுங்க, அவரக் கூட்டியாந்து... இருங்க, வாசல்ல யாரோ கூப்புடுறாங்க. “சம்பந்தி! உள்ள இருக்கீங்களா? ரத்தினம்மா நீங்க இங்கதான்னு சொன்னாங்க.” ரவூப், அது அவங்க குரல்டா! அந்த ஸ்டூல இழுத்துப் போடு, சீனி போடாத டீ, தே ஓ கோசோங் ஒண்ணு சொல்லு, எழுதுறத நிறுத்துடா, மொதல்ல இந்த நாலு பக்கத்தயும் அவங்க கண்ணுல படாம அந்த டிராயருக்குள்ள