ஷாம்பூவில் இறங்கிய களிமண்

என் அறையை இனி யாருக்கும் விட்டுத் தருவதில்லை என்று சபதம் எடுத்தேன். யாருக்கும் என்றால் மச்சானுக்கு. ஒரு வாரம் என்று வருவார். காலண்டர் களைத்துப் போகும், மச்சான் களைக்க மாட்டார். நாளைக்கு மறுபடி வருகிறாராம்.

"பந்தயம் வெச்சுக்கலாமா?" என்றாள் மனைவி. "ரெண்டு ஜாடி ஷாம்பூ. ஒரே எடையில களிமண். எப்படி வேணா பிடிச்சுக்கலாம். என்னோடது முதல்ல அடியைத் தொட்டா ரூம் தம்பிக்கு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஃபேக்டரியில் ஷாம்பூவுக்குள் சின்ன இரும்புக் குண்டு போட்டு, அது இறங்கும் வேகத்தை வைத்துக் கெட்டியா இல்லையா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகமே!

"தோத்தா அழக்கூடாது."

"மாட்டேன். நல்லா கெட்டி ஷாம்பூவா கொண்டாங்க."

நான் அழகாக ஓர் உருண்டை பிடித்தேன். அவள் பேரீச்சங்கொட்டை மாதிரி இரண்டு முனையும் கூராகப் பிடித்தாள்.

"அடி அசடே! நீட்டினா மேல்பரப்பு ஜாஸ்தி. ஷாம்பூ இறுக்கிப் பிடிச்சுக்கும்."

"அப்படியா?" என்று முனை கீழே பார்க்க நேராக விட்டாள்.

நத்தை தோற்றது போங்கள், அவ்வளவு மெதுவாக இறங்கின இரண்டும். ஆனால் கொட்டை துளிகூடச் சாயவில்லை. அடியை நெருங்கும்போது என் உருண்டை இரண்டு விரற்கடை பின்தங்கியிருந்தது. கொட்டைதான் முதலில் அடியைத் தொட்டது.

கொட்டையை எடுத்து, மறுபடி ஷாம்பூவில் படுக்கைவாட்டில் விட்டேன். படுத்தபடியே, இன்னும் மெதுவாகப் போனது. சாய்த்து விட்டேன். சாய்ந்தபடியே பக்கவாட்டில் நழுவிக்கொண்டு இறங்கியது. விட்டது விட்டபடி! இத்தனை வருஷம் வெறும் குண்டையே போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேனே! என்ன அதிசயம் இது! புல்லரித்துவிட்டது. வாசல் மணி அடித்த மாதிரி இருந்தது. யாருக்கு வேண்டும் வாசல்?

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? நீங்க உருண்டை பிடிச்சீங்க. அதனால நான் வேற பிடிச்சேன்."

தோற்றாலும் பரவாயில்லை, நாளைக்குத்தானே வருகிறார், அதுவரை இதைப் பார்த்துத் தீர்ப்போம் என்று பூதக்கண்ணாடி எடுக்க அறைக்குள் போனேன்.

என் கட்டிலில் மச்சான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெட்டி, படுக்கை எல்லாம் பரப்பியாகிவிட்டது.

"இவர் எப்போ வந்தார்?"

"நீங்க கொட்டையைச் சாய்ச்சு விட்டப்பவே வந்தாச்சு. பின்ன எதுக்குங்க, மெதுவா இறங்கற மாதிரி கெட்டி ஷாம்பூவா கேட்டேன்?"