நேரக்காப்பாளருக்கு ஒரு வேலையும் இல்லையாம்!

கணிப்பொறிப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகையில் வந்த ஏழாவது பாடம்.

பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வண்டி வந்த நேரம், போன நேரம் என்று எழுதி எழுதி விரல் காய்த்துப் போனவன். 'நீங்கள் நன்கு அறிந்த இடத்தைக் கணினிக்குள் இயக்கிப் பாருங்கள்' என்று தாங்கள் எழுதியதை நம்பி, என் நிலையத்தையே புரோகிராமாக எழுத உட்கார்ந்தேன். புரோகிராமில் வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'ஆப்ஜெக்ட்' என்று பெயராம். பேருந்து ஓர் ஆப்ஜெக்ட், ஓட்டுநர் ஓர் ஆப்ஜெக்ட், வண்டி நிற்கும் இடம் ஓர் ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும் என்று அதனதன் கீழே எழுத வேண்டும். 'வண்டி வந்தது', 'வண்டி கிளம்பியது' என்ற நிகழ்வுகளை நேரப்படி வரிசையில் போட்டால், கடிகாரம் ஒரு நிகழ்விலிருந்து அடுத்ததற்குத் தாவும். எல்லாம் சரி. கடைசியில் ஆசை ஆசையாக நேரக்காப்பாளரைச் சேர்த்தேன். அவருக்குக் கீழே எழுத ஒரு வேலையும் இல்லை ஐயா! வந்ததை வண்டியே சொல்கிறது, நேரத்தைக் கடிகாரமே குறித்துக்கொள்கிறது. என் மனைவி எட்டிப் பார்த்து, "அந்த ஆளைத் தூக்கிட்டு ஓட்டிப் பாருங்களேன்" என்றாள். தூக்கினேன். நான் எழுதிவைத்த பதினான்கு வண்டிகளும் ஒரு நிமிடம் பிசகாமல் கிளம்பிப் போயின. வந்த ஆத்திரத்தில் மேசையைக் குத்தினேன், கை வீங்கிவிட்டது. இந்தக் கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் தாங்களே பொறுப்பு. முப்பத்தொரு வருடம் வேடிக்கை பார்க்கவா சம்பளம் வாங்கினேன்? அதைச் சொல்ல ஒரு பாடம், அதற்கு அரைப் பக்கப் படம் வேறு! பாடம் தவறு என்று அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள். இல்லையென்றால் நேரில் வருவேன், சொன்ன நேரத்துக்கு வருவேன்.

தங்கள் இல்லத்தாருக்கு என் அன்பு. பத்திரிகை பல்லாண்டு வாழ்க, ஏழாவது பாடம் நீங்கலாக.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நேரக்காப்பாளர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவனை மனைவி நிறுத்தினாள். "நேரமானதும் டாண்ணு வண்டியை எடுக்கிற டிரைவரை உங்க ஸ்டாண்டுல என்னைக்காவது பார்த்திருக்கீங்களா? அவங்களை இவ்வளவு நல்லவங்களா எழுதினது யாரு, நீங்கதானே?" பாடம் சரிதான் ஐயா, திருத்தம் வேண்டாம். உட்கார்ந்து ஓட்டுநர்களை உள்ளபடி எழுதினேன்: இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் பேசுவார்கள், பேச்சு முடிந்தால்தான் வண்டியை எடுப்பார்கள். காலை ஆறரைக்கே நிலையம் ஸ்தம்பித்துவிட்டது. நேரக்காப்பாளரைத் திரும்பக் கொண்டுவந்து, அவருக்குக் கீழே ஒரே ஒரு வேலை எழுதினேன்: கத்துவது. பதினான்கு வண்டிகளும் கிளம்பிவிட்டன.