சாண ஓவசியரின் நீல நெருப்பு

மாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கிய அரசாங்க உத்தியோகத்தர்கள் இலங்கைத் தீவில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். மாட்டுக்குப் பின்னால், அது மனம் வைக்கும் வரை மரியாதையோடு காத்து நின்றவர் எங்கள் சாண ஓவசியர் ஒருவர்தான். அக்கராயன் குளக்கட்டில் மாடுகள் போகும். அவற்றுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வாளி தொங்கும் சைக்கிளை உருட்டியபடி அவர் போவார். மாடு வாலைத் தூக்கினால் மனிதரின் முகம் மலரும்.

ஐம்பதுகளின் கடைசி அது. குளத்து வேலைக் கந்தோரில் அவர் ஓவசியர், நான் கிளாக்கர். அடுத்தடுத்த விடுதிகளில் குடியிருந்தோம். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில், தாய்வீட்டில் இருந்தார். அவருக்குத் தொய்வு என்கிற மூச்சிழுப்பு வருத்தம். வந்த முதல் மாரியில் இங்கேதான் இருந்தார். வன்னி மாரியில் விறகும் நனையும், விறகு அடுக்கிய இடமும் நனையும். ஈர விறகை ஊதி ஊதியே குசினி புகைமண்டலமாகிவிட்டது. பாவம், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு இழுக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிடுவார். மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கிப் பார்த்தார்கள். அதன் மணம் புகையைவிட மோசமாகப் போயிற்று. வேறு வழியில்லாமல் ஓவசியர் அவரைப் பஸ்சில் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியே திரும்பி வந்தார். புகையில்லாத அடுப்பு ஒன்று கிடைக்கும் வரை அந்த வீட்டுக்கு மனைவி வரமுடியாது.

அந்த நேரம் பார்த்து, சாணத்தைக் குழியில் புளிக்கவிட்டு அதிலிருந்து வரும் வாயுவில் சமைக்கலாம் என்று இந்தியச் சஞ்சிகை ஒன்றில் படத்தோடு போட்டிருந்தார்கள். ஓவசியர் அதைப் படித்தார். மறுநாளே விடுதிக்குப் பின்னால் குழி வெட்டினார். கரைத்த சாணத்தை அதில் நிரப்பி, தார் பீப்பா ஒன்றைக் கவிழ்த்து, பழைய சைக்கிள் ரியூப்பைக் குசினி வரை இழுத்தார்.

முதற்பலி எங்கள் எஞ்சினியர். வெள்ளைக் காற்சட்டையோடு மேற்பார்வைக்கு வந்தவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பீப்பா ஒரு பக்கம் சரிந்து பெரிதாக ஏப்பம் விட்டது.

"என்ன காணும் இது?" என்று கத்தினார் எஞ்சினியர். இடுப்புக்குக் கீழே அவர் நிறம் மாறியிருந்தார்.

"வாயு சேர்ந்திட்டுது சேர்!" என்று ஓவசியர் கைகொட்டிச் சிரித்தார்.

அந்த வருடம் ஓவசியருக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வு அந்த ஏப்பத்தோடு போயிற்று. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

சில நாட்களில் அடுப்பில் நீலமாக ஒரு சுடர் நின்றது. மல்லிகை மொட்டு அளவுதான் இருக்கும். புகை இல்லை. அதில் வைத்த தேத்தண்ணியை எனக்குத் தந்தார். நான் மூக்கருகே கொண்டுபோய்க் கொஞ்சம் தாமதித்தேன்.

"மணக்குதோ தம்பி?"

"இல்லை அண்ணை."

"அப்ப ஏன் ஐயரின்ரை தீர்த்தம் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? குடியும்!"

சமையலுக்கு அந்தச் சுடர் காணாது. பீப்பா இன்னும் வேண்டும், சாணமும் இன்னும் வேண்டும். அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் சாணத்தைக் கழிவு என்று சொன்னால் அடிக்க வருவார்கள். விதைப்புக்கு முன் மாட்டுப்பட்டியை வயலிலேயே அடைத்துவைத்து உரமேற்றுகிற சனம். பெரிய பட்டிக்காரர் கந்தையா, ஓவசியர் வீட்டு நெருப்பை வந்து பார்த்தார். பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"எரியிற சத்தெல்லாத்தையும் நீங்கள் எடுத்துப்போட்டு, சக்கையை என்ரை வயலுக்குத் தருவியளோ? ஆடை எடுத்த பாலை ஆர் ஐயா வாங்குவினம்?"

"எரியிற சத்து வேறை, நெல்லுக்குப் போற சத்து வேறை, கந்தையா அண்ணை."

"அதை மாடு உங்களிட்டைச் சொன்னதோ?"

கதை ஊரெல்லாம் பரவியது. அதற்குப் பிறகு ஒரு பிடி சாணம் தர ஆளில்லை. முற்றம் தெளிக்கக் கரைத்த சாணத்தைக்கூடப் பெண்கள் அவரைக் கண்டதும் மூடிவைத்தார்கள். ஓவசியர் வாளிகளோடு தெருமாடுகளின் பின்னால் அலைந்தது அந்தக் காலத்தில்தான். அது எவ்வளவுக்குக் காணும்? சுடர் சுருங்கி அணைந்தே போயிற்று. யாழ்ப்பாணத்துக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் ஆள் இன்னும் கொஞ்சம் இளைத்துத்தான் வந்தார்.

கடைசியில் கந்தையாவிடமே போய் நின்றார்.

"உங்கடை வயலிலை ஒரு மூலை தாங்கோ. என்ரை சக்கையை அதிலை போடுறன்."

கந்தையா எதற்கும் உதவாத உவர் மூலையைக் காட்டினார். அது வேண்டுமென்றே செய்த கிண்டல். ஓவசியர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். குழியில் கிடந்த கரைசலையெல்லாம் வாளி வாளியாகச் சுமந்து அங்கே ஊற்றினார். விதைத்த பிறகு தினமும் போய் அந்தப் பயிரோடு குந்தியிருந்து பேசினார். என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கதிர் தள்ளியபோது, கந்தையாவின் மற்ற வயலெல்லாம் அந்த மூலையைப் பார்த்து வெட்கப்படவேண்டும் போலிருந்தது. அறுவடை முடிந்ததும் ஒரு நாள் காலை கந்தையாவின் மாட்டுவண்டி ஓவசியர் வாசலில் வந்து நின்றது. வண்டி நிறையச் சாணம்.

"இந்தாருங்கோ ஐயா. நெருப்பை நீங்கள் வைச்சிருங்கோ. சக்கையை மட்டும் மறக்காமல் எனக்குத் தாங்கோ, வேறை ஆருக்கும் குடுத்திடாதையுங்கோ!"

அடுத்த மாரியில் ஓவசியரின் மனைவி வந்தார். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் குசினி வாசலில் நிற்க, ஓவசியர் நனைந்த வேட்டியும் ஒழுகும் வாளிகளுமாக வந்து சேர்ந்தார். வந்ததே பிழை. மனைவி தொடங்கிவிட்டார்.

"இதென்ன கோலம்? கந்தோருக்குப் போற மனிசன் செய்யிற வேலையே இது? அந்தத் தம்பி சாப்பிட வந்து எவ்வளவு நேரமாச்சு! வேட்டியைப் பாருங்கோ! ஆர் தோய்க்கிறது அதை? வாளியை உள்ளுக்கை கொண்டு வராதையுங்கோ, சொல்லிப்போட்டன்! முதலிலை கிணத்தடிக்குப் போங்கோ..."

அவர் நிறுத்துவதாக இல்லை. ஓவசியர் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். பேசாதே என்று கண்ணால் காட்டினார். மனைவி கறியைக் கிளற உள்ளே திரும்பியதும் என் காதருகே குனிந்தார்.

"கேட்டீரோ தம்பி? எவ்வளவு நீளத்துக்கு ஏசினவா! ஒருக்கால்கூட மூச்சு இழுக்கேல்லை!"

கண்ணில் வழிந்தது மழைத் தண்ணீர் என்றுதான் அவர் சொல்லியிருப்பார். எனக்கோ அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. சாணத்தை நினைத்துத்தான் விட்டுவிட்டேன்.