திகம்பர் குருஜியின் வேலை ஏடு

அந்த வருஷம் புனேயில் எம்.பி.ஏ. முடித்தவர்களை வேலைக்கு எடுக்கக் கம்பெனிகள் தயங்கின. போன வருஷம் நாற்பது கம்பெனி வந்த கல்லூரிக்கு இந்த வருஷம் ஒன்பதுதான். ஒரே ஒருத்தருக்கு மட்டும் தொழில் கொழித்தது. அவர் திகம்பர் குருஜி.

சந்தை நிலவரத்தை இரண்டு வருஷம் கரைத்துக் குடித்த பிள்ளைகள், சதாசிவ் பேட் பகுதியில் இருந்த அவருடைய மாடியறைக்கு வரிசை கட்டினார்கள். குருஜி முகத்தைப் பார்ப்பார். "கிடைக்கும்" என்பார். சிவப்புத் துணி சுற்றிய ஏட்டில் ஏதோ எழுதி மூடுவார். முன்கூட்டிப் பார்த்தால் பலன் கெட்டுவிடுமாம்.

வேலை கிடைத்தவர்கள் பேடா இனிப்போடு வந்து காலில் விழுந்தார்கள். கிடைக்காதவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஏடு திறக்கும். உள்ளே 'கிடைக்காது' என்று எழுதியிருக்கும். உன் மனசு நோகக் கூடாதென்றுதான் வாயால் அப்படிச் சொன்னேன் என்பார் குருஜி. அவர்களும் காலில் விழுந்தார்கள். ஏமாந்தவனும் கும்பிட்டுப் போகிற இந்த வியாபாரம் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

நிஷிகாந்த் பெண்ட்சேவுக்கு சோப்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மூன்று வாரம் அவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கியவள் வகுப்புத் தோழி கேதகி. அவன் பேடா வாங்கியதோ குருஜிக்கு. கேதகிக்கு வயிறு எரிந்தது. திங்கட்கிழமை ஒரு வங்கி வருகிறது. அதற்குப் படிக்க வேண்டியவர்கள் குருஜியின் மாடிப்படியில் தவம் கிடந்ததைப் பார்த்து இன்னும் எரிந்தது. நானும் வருகிறேன் என்று அவனோடு கிளம்பினாள்.

குருஜி ஒரு பேடாவை வாயில் போட்டுக்கொண்டு, "நான் அன்னிக்கே சொன்னேனேப்பா" என்றார்.

"இவன் பேருக்கு எழுதினதைக் கொஞ்சம் காட்டுங்க குருஜி" என்றாள் கேதகி.

"அதான் கிடைச்சாச்சே. இனிமே எதுக்கும்மா?"

"கிடைச்சாச்சுன்னா பலனும் கெடாதே. தோத்தவனுக்கெல்லாம் காட்டுறீங்க. ஜெயிச்சவனுக்கு ஏன் ஒரு தடவைகூடக் காட்டலை?"

குருஜி ஏட்டை மடிக்கு இழுத்தார். நிஷிகாந்துக்குப் பக்தி முற்றியிருந்தது. "காட்டுங்க குருஜி, இவ வாயை அடைச்சிடலாம்" என்று தானே துணியை அவிழ்த்துப் பக்கத்தைத் தேடினான்.

நிஷிகாந்த் பெண்ட்சே, சோப்புக் கம்பெனி: கிடைக்காது.

அவன் அதை இரண்டு முறை படித்தான். காது மடல் சிவந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் ஏட்டைப் பிடுங்கிப் புரட்டினார்கள். அறுபத்தேழு பேர், அறுபத்தேழு 'கிடைக்காது'. வாயில் எல்லோருக்கும் வேலை, ஏட்டில் ஒருவருக்கும் இல்லை. எது நடந்தாலும் குருஜி சொன்னதுதான் நடக்கும்!

ஜபத்துக்கு நேரமாகிவிட்டதென்று குருஜி எழுந்தார். போகிற அவசரத்தில் ஏட்டை விட்டுவிட்டார். பேடாப் பெட்டியை விடவில்லை.

கேதகி படியிறங்கும்போது வரிசையில் நின்ற ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்தாள். திங்கட்கிழமை அந்த வங்கி யாரை எடுக்கும், உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஆவலாகக் கேட்டாள்.

"அதை என்கிட்ட கேட்டா அடுத்த குருஜி நான்தான்" என்றாள் கேதகி. "உன் தலையை இனிமேலாவது வாடகைக்கு விடாதே. நீயே குடியிரு."