செக்-அவுட் அண்ணாச்சியின் எட்டு ஜி.பி. லாட்ஜ்

திருவனந்தபுரத்தில் விலை கூடிய போன் வைத்திருப்பவர்கள் எக்கச்சக்கம். ஆனால் போனை அதட்டி வேலை வாங்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் தம்பானூரில், ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், நான் மூன்று வருஷம் மாத வாடகைக்குக் குடியிருந்த லாட்ஜின் மேனேஜர். இதை யாராவது மறுத்தால் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

அவருடைய பெயர் லாட்ஜில் ஒருவருக்கும் தெரியாது. திசையன்விளைப் பக்கத்துக்காரர். இருபது வருஷத்துக்கு மேலாக அதே கவுண்டரில், அதே மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை பத்தே காலுக்கு ரூம் எடுத்தவன் மறுநாள் பத்தே காலுக்குக் கதவைத் திறந்தால், வெளியே அண்ணாச்சி நிற்பார். "தம்பி, நேரமாச்சு கேட்டியளா" என்பார். சிரித்த முகம்தான், ஆனால் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் செக்-அவுட் அண்ணாச்சி.

அவர் போனை நான் முதலில் பார்த்தபோது, யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் என்றே நினைத்தேன். கண்ணாடி விரிசலில் செல்லோ டேப். பின்பக்க மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் பேண்டு. சார்ஜர் வயர் ஒரே ஒரு கோணத்தில்தான் வேலை செய்யும், அந்தக் கோணம் வருவதற்கு ரசீது புத்தகத்தை அடியில் வைக்க வேண்டும். காதில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர் போய் வெகுநாளாயிற்று. எல்லா அழைப்பும் லவுட் ஸ்பீக்கரில்தான். மத்தியானம் ஊரிலிருந்து அவர் மனைவி "சாப்டாச்சா?" என்று கேட்டால், ரிசப்ஷன் சோபாவில் இருக்கும் நாலு பேரும் சேர்ந்து "சாப்டாச்சு மதினி!" என்போம். அந்த அம்மாளும் சளைக்காமல், "என்ன கூட்டு?" என்பாள்.

நான் அப்போது மருந்துக் கம்பெனி ரெப். என் கையில் மூன்று கேமரா வைத்த போன். "அண்ணாச்சி, எத்தனை ஜி.பி.?" என்று ஒருநாள் இளக்காரமாகக் கேட்டேன்.

"எட்டு. அதுல பாதிய போனே எடுத்துக்கிடும். மிச்சம் இருக்கது சின்ன லாட்ஜுதான் தம்பி. ஆனா நல்லா ஓடுது."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்தப் போனை லாட்ஜாகத்தான் நடத்தினார். ஒரு நேரத்தில் ஒரு ஆப்புக்குத்தான் ரூம். ஊருக்குப் போகிற அன்று காலையில் ரயில் ஆப் செக்-இன் ஆகும். டிக்கெட் எடுத்ததும் வெக்கேட். மாசம் பிறந்தால் பாங்க் ஆப் வந்து இறங்கும், சம்பளம் வந்ததா என்று சொல்லும், கிளம்பிவிடும். வாட்ஸ்அப் மட்டும் எங்களைப் போல மாத வாடகைக்காரர். காலையில் சொந்தக்காரர்கள் அனுப்பும் ரோஜாப்பூப் படங்களை அண்ணாச்சி 'குளிக்க மட்டும்' கணக்கில் வைத்திருந்தார். ரயிலிறங்கிக் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு லாட்ஜில் ஒரு மணி நேரம் கொடுப்பார்களே, அந்தக் கணக்கு. வீடியோ என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. "ஆளு ஒண்ணுன்னு சொல்லுவான், லக்கேஜப் பாத்தா பத்து பேருக்கு உள்ளது இருக்கும்."

அழிக்கவே முடியாதபடி கம்பெனியே போட்டு அனுப்பிய ஆப்கள் நாலைந்து உண்டு. அவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் மொதலாளி சொந்தக்காரங்க. வாடகையும் தரமாட்டாங்க, போவவும் மாட்டாங்க. நாம கேக்க முடியுமா?"

'அப்டேட் செய்யவா?' என்று போன் கேட்டால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். "குடியிருக்கவன் பில்டிங்க இடிச்சுக் கட்டச் சொல்லுதான் பாத்தியளா!"

போன் ஹேங் ஆனால் நானெல்லாம் தட்டுவேன், குலுக்குவேன், திட்டுவேன். அண்ணாச்சி அதைக் கவுண்டரில் குப்புறப் படுக்கவைத்து, மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவைப்பார். "உறங்கட்டும். நாமளும் மத்தியானம் உறங்குதோம்லா?"

இவ்வளவு கறாரான மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாராளம் காட்டினார். நம்பர்களைப் பதிந்துவைக்கும் இடத்தில் யாரையும் வெளியே அனுப்பியதில்லை. "பேரு எழுதுத எடத்துல என்ன எழுதினாலும் போனு ஒண்ணும் சொல்லாது. எடமும் அடைக்காது" என்பார். ஆகவே ரூம் நம்பரைப் போட்டு, பெயருக்குப் பதில் ஜாதகமே எழுதிவைத்திருந்தார். '3 கோட்டயம் வக்கீல் வெந்நீர் ரெண்டு பக்கெட்.' '11 சங்கரன்கோயில் மாமனார் மருமகன் பேச்சு இல்லை ரெண்டு ரூம் கொடு.' 'பிளம்பர் இப்ப வாரேன்னு சொல்லுவான்.' அதற்கு அடுத்த வரி, 'பிளம்பர் வருவான்.'

ரூம் எடுக்க வருகிறவர்களிடம் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கியதும் ஒரு கேள்வி கேட்பார். "ஊர்ல உங்களத் தேடுத ஆளு யாரு?" அந்த நம்பரையும் வாங்கிப் பதிந்துகொள்வார். என்னிடமும் கேட்டார். இந்த ஆளுக்கு எதற்கு இந்த விசாரணை என்று எரிச்சலோடுதான் நாகர்கோவிலில் இருக்கும் என் அண்ணன் நம்பரைக் கொடுத்தேன்.

அந்த எரிச்சலுக்கு ஒரு மழைக்காலத்தில் பதில் கிடைத்தது. வித்துராவில் டாக்டர்களைப் பார்த்துவிட்டு நனைந்து வந்தவன், காய்ச்சலில் படுத்தேன். பை நிறைய மாத்திரை இருந்தது, எடுத்துப் போட எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மூன்றாம் நாள் கதவு திறக்கிறது. என் அண்ணன் தூக்குவாளியோடு நிற்கிறான், பின்னால் சாவிக்கொத்தோடு அண்ணாச்சி.

"உங்க போன எடுத்துக் கம்பெனி ஆளக் கூப்பிடலாம்னு நேத்தே வந்து பாத்தேன் தம்பி. அது மூஞ்சியக் காட்டினாத்தான் தொறக்குமாம். நீங்க மூஞ்சியப் போர்வைக்குள்ள வச்சிட்டுத் தர மாட்டேன்னுட்டிய. பொறவு என் போன்ல இருந்துதான் அண்ணனக் கூப்பிட்டேன்."

என் மூன்று கேமராவும் சேர்ந்து எனக்கு ஒரு டம்ளர் கஞ்சி வாங்கித் தரவில்லை. அன்றைக்கே நான் அண்ணாச்சி கட்சியில் சேர்ந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த லாட்ஜுக்கு வளைகுடாவிலிருந்து சின்ன முதலாளி வந்து சேர்ந்தார். பெரிய முதலாளிக்கு மாடி ஏற முடியவில்லை, இனி மகன்தான் எல்லாம். கவுண்டருக்கு டேப்லெட் வந்தது. ஆன்லைன் புக்கிங் வந்தது. எல்லாக் கணக்கும் இன்டர்நெட்டில் எங்கோ இருக்குமாம், விரலால் தொட்டால் இறங்கி வருமாம். நல்ல ஏற்பாடுதான், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன முதலாளியின் கண் அண்ணாச்சியின் போன் மேல் விழுந்தது.

"எந்தா அண்ணாச்சி இது? ஃபோணா, சோப்புப் பெட்டியா?"

"சோப்புப் பெட்டின்னா வழுக்கும் சின்ன மொதலாளி. இது வழுக்காது. ரப்பர் பேண்டு போட்டிருக்கேன்."

சோபாவில் நாங்கள் சிரித்துத் தொலைத்தோம். அது தப்பாகப் போயிற்று. சின்ன முதலாளி ஒரு புதுப் போனைக் கவுண்டரில் வைத்தார். "பொங்காலைக்கு முன்ன இதுக்கு மாறணும். இல்லெங்கில் பொங்காலை கழிஞ்ஞு இந்தக் கசேரையில் வேற ஆளு இரிக்கும், கேட்டோ."

கசேரை என்று அவர் சொன்னது அந்த மர நாற்காலியை; பொங்காலை என்றது, ஊரே தெருவில் அடுப்பு மூட்டும் ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கலை. அண்ணாச்சி புதுப் போனைப் பெட்டியோடு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். "புது ஆளு. ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். மறுநாளும் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, வீம்பு பண்ணாதீங்க. அதுல இடம் தாராளமா இருக்கு."

"அதான் தம்பி பயமா இருக்கு. எடம் கூடிப்போச்சுன்னா எல்லாவனும் வந்து கிடப்பான். எவன் இருக்கான், எவன் போனான், எவனுக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியாமப் போயிரும்." கொஞ்ச நேரம் ரசீது புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நாற்காலி போச்சுன்னா ஊருக்குத்தான் போவணும். அங்க உங்க மதினி ஒருத்திதான் இருக்கா. அவளப் பத்தி எல்லாம் எனக்குத் தெரியும். பொறவு நான் யாரப் பத்தி எழுதிவைப்பேன்?" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆற்றுகால் பொங்காலைக்கு முந்தின நாள் காலை. ஊர் முழுக்கப் பெண்கள், கையில் மண்பானை, சுள்ளி விறகு, சாக்குப் பையில் அரிசி. தம்பானூரில் நடக்க இடமில்லை. மாத வாடகைக்காரர்களான எங்களையெல்லாம் மொட்டைமாடி ஹாலில் அடைத்துவிட்டு, அத்தனை ரூமையும் பொங்காலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். நான் பை தூக்கும் உத்தியோகத்தில் கீழே நின்றேன். அண்ணாச்சியின் நாற்காலியில் அன்று சின்ன முதலாளி, முன்னால் டேப்லெட். அண்ணாச்சி பக்கத்தில் ஒரு ஸ்டூலில்.

பத்து மணிக்கு ரிசப்ஷனில் நாற்பது பெண்கள் பெட்டியும் பானையுமாக நின்றார்கள். சின்ன முதலாளி டேப்லெட்டைத் தொட்டார். ஒரு வட்டம் சுற்றியது. மறுபடி தொட்டார், மறுபடி சுற்றியது. ஊரில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் நெட்வொர்க் என்ன செய்யும்? வந்தவர்களின் போனிலும் புக்கிங் திறக்கவில்லை. ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் பானையைக் கவுண்டரில் டொக்கென்று வைத்தாள்.

"ராஜபாளையத்துல இருந்து புக் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. எங்க ரூம் எது? அந்த உருண்டைய உருட்டுறத விட்டுட்டுச் சொல்லுங்க!"

"ஒரு மினிட்டு சேச்சி, சர்வர் கிட்டுனில்ல..."

"எனக்குச் சர்வர் வேண்டாம், ரூமு போதும்!"

சின்ன முதலாளியின் காது சிவந்துவிட்டது. அப்போதுதான் அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து எழுந்து ரப்பர் பேண்டைச் சரிசெய்தார். அன்று காலையிலேயே அவர் வாட்ஸ்அப்பைக்கூட வெக்கேட் பண்ணவைத்திருந்தார், மாத வாடகைக்காரர் என்றும் பார்க்கவில்லை. போனில் ராஜபாளையம் என்று தட்டினார்.

போன் ஹேங் ஆயிற்று.

நான் கும்பிடாத சாமி இல்லை. சின்ன முதலாளி வேறு பக்கம் பார்த்தார். அண்ணாச்சி பதறவில்லை. போனைக் குப்புறப் படுக்கவைத்தார், மின்விசிறியைக் கூட்டினார், கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிசம் சத்தம் போடாம இருங்கம்மா. உறங்கி எந்திரிக்கட்டும்."

என்ன மாயமோ, நாற்பது பேரும் வாயை மூடினார்கள். ராஜபாளையத்து அம்மாள் தன் முந்தானையால் போனுக்கு விசிறவே தொடங்கிவிட்டாள். ஒரு நிமிஷம் கழித்து அண்ணாச்சி போனைத் திருப்பினார். விழித்திருந்தது.

"ஏழாம் நம்பர், ராஜபாளையம் டீச்சர், நாலு பேரு. ஒருத்தருக்கு முட்டுவலி, அதனால கீழ் மாடி. சரிதான டீச்சர்?"

டீச்சர் விசிறுவதை நிறுத்தினாள். "நீங்கதான் போன மாசம் போன் பண்ணிக் கேட்டதா?" என்றாள்.

அவரேதான். ஆன்லைனில் புக்கிங் விழ விழ, அதில் கண்ட நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, யார் வருகிறார்கள், யாருக்கு என்ன நோவு, ஊரில் தேடுகிற ஆள் யார் என்று விசாரித்துப் பதிந்துவைத்திருந்தார். அதைப் பார்க்க நெட்வொர்க்கும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். "ஒம்பது, கோவில்பட்டி, மூணு பேரு, ஒரு கைக்குழந்தை, ஜன்னல் உள்ள ரூம். பதிமூணு, செங்கோட்டை, அக்காவும் தங்கச்சியும், சுகர் மாத்திரை உண்டு, சாப்பாடு நேரத்துக்கு வேணும்." நான் பைகளோடு மாடிப்படியில் ஓடினேன். அரை மணி நேரத்தில் ரிசப்ஷன் காலி. அவ்வளவு பெருமையாக நான் வாழ்க்கையில் பை தூக்கியதில்லை.

சின்ன முதலாளி டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு கேட்டார், "அண்ணாச்சி, என்டெ நம்பர் எந்து பேரில் போட்டிருக்கு?"

அண்ணாச்சி போனை மறைக்கப் பார்த்தார், சின்னவர் விடவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். 'சின்ன மொதலாளி. நல்ல பிள்ளை. பசிச்சா கோவம் வரும். மொதல்ல சாயா கொடு.'

சின்ன முதலாளி வெடித்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். "இரிக்கு அண்ணாச்சி" என்றார். அன்று முதல் டேப்லெட்டுக்குத்தான் ஸ்டூல்.

நான் கல்யாணமாகிக் கரமனையில் வீடு பார்த்துப் போய் இரண்டு வருஷமாகிறது. போன வாரம் தம்பானூரில் ஒரு வேலை, சாயா குடிக்க லாட்ஜுக்குள் நுழைந்தேன். அண்ணாச்சி உள்ளே போயிருந்தார். அவர் எங்கே என்று கேட்க என் போனிலிருந்து கூப்பிட்டேன். கவுண்டரிலேயே, ரசீது புத்தகத்தின் மேல் சார்ஜில் கிடந்த அவர் போன் மணியடித்தது, விரிசல் கண்ணாடியில் என் பெயர் வந்தது.

'14 நாகர்கோவில். காய்ச்சல் வந்தா தம்பி சொல்லாது. ரெண்டு நாள் சத்தம் இல்லைன்னா கதவைத் தட்டு.'

அண்ணாச்சி துண்டில் கை துடைத்தபடி வந்தார். "அண்ணாச்சி, நான் போயி ரெண்டு வருசமாச்சே. இன்னும் என்னை அழிக்கலையா?" என்றேன்.

"ரூமத்தான தம்பி வெக்கேட் பண்ணிய?" என்றார். "இருங்க, சாயா சொல்லுதேன்."

கரமனை பஸ்ஸில் உட்கார்ந்து என் போனைத் திறந்தேன். எத்தனை ஆயிரம் படம் போட்டாலும் நிறையாத போன். அதில் அவர் 'லாட்ஜ்' என்று மட்டும் இருந்தார். வெட்கமாக இருந்தது. அதை அழித்துவிட்டு மெதுவாகத் தட்டினேன். 'அண்ணாச்சி. காய்ச்சல் வந்தால் முதலில் இவரிடம் சொல்லு.'