சொல்லுக்கு வைத்த பலகை

ஒரு சொல்லின் பூர்வீகத்தைப் போற்றத் தெரியாத அரசு, அரசே அல்ல. எங்கள் மாகாண அரசு போற்றியது. ‘டொபாகன்’ என்ற பனிச்சறுக்கு வண்டியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஏழு கூட்டம் போட்டு, நாற்பது டஜன் டோனட் தின்று, அது கனடாவின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் சொல் என்று ‘கண்டுபிடித்தது’. நானும் மிக்மாக்தான். கூட்டம் போட்ட பண்பாட்டுத் துறையில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. என்னைக் கேட்கும் வழக்கம்தான் இல்லை.

அடுத்தது கள ஆய்வு. எங்கள் குடியிருப்பின் டெல்ஃபின் அக்கா, சிறுநீரகம் பழுதான தன் கணவர் நோயலை வாரம் மூன்று நாள் டொபாகனில் கிடத்தி, மார்பில் கயிறு மாட்டி, ஒரு கிலோமீட்டர் இழுத்து வருவார். ஆஸ்பத்திரி வண்டி பெரிய சாலையில்தான் நிற்கும். பனி வாரும் லாரி எங்கள் எல்லையோடு திரும்பிவிடும்.

அதைப் பார்த்த எங்கள் துறை இயக்குநர் ஹாடனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வாழும் மரபு!”

“மரபு கிடக்கட்டும் சார். லாரியை எங்க வீடு வரைக்கும் அனுப்புங்க.”

“பனியை வாரிட்டா எதுலம்மா இழுப்பீங்க?”

“இழுக்கவே வேண்டாமே!”

“அதுதாம்மா ஆபத்து!”

இருந்தும், லாரி வரும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அதை நம்பித்தான் அக்கா தன் டொபாகனை எங்கள் துறையின் கண்காட்சிக்கு இரவல் தந்தார். பதிலுக்கு அவர் வாசலில் ஆளுயரப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை நட்டோம்: ‘டொபாகன். மிக்மாக் சொல். பனியில் சுமை இழுக்க உதவுவது.’ கீழே ஏழு அலுவலர்களின் பெயர்கள்.

லாரி வரவில்லை. பனிப்புயல் வந்தது. மூன்றாம் நாள் பலகையைக் காணோம். பெரிய சாலையோரம் கிடந்தது, இரண்டு துளையும் ஒரு கயிறுமாக. நோயல் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருந்தார்.

உடனே விசாரணை.

“அரசாங்கச் சொத்தை ஏம்மா பிடுங்கினீங்க?” என்றார் இயக்குநர்.

“சுமை இழுக்க உதவும்னு நீங்கதானே எழுதி வெச்சீங்க? நம்பிட்டேன். உங்க பேரெல்லாம் இருந்த பக்கத்தைக் கீழ வெச்சேன், என்னமா வழுக்குச்சு!” என்றவர் என் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி, லாரி கிளம்பிடுச்சா?”

நான் விசாரணைப் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். வெட்கமாக இருந்தது.

சேதம் என்ற இடத்தில், ‘ஏழு பெயர்கள் தேய்ந்து அழிந்தன, ஏழாவது என்னுடையது’ என்று எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில் எழுதியது இது: ‘பத்தாண்டுகளில் நம் துறை அந்தக் குடியிருப்புக்கு அனுப்பிய ஒரே வண்டி, அந்தப் பலகை.’