ஈரப்பதம் வைஃபை வாங்கிய கதை

உலகத்தில் உள்ள அத்தனையையும் ஈரம் பார்த்த பிறகே நம்பிய மனிதர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். மன்னார்குடியில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் அவர் இருந்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் மீட்டரை வைத்து நெல்லின் ஈரம் பார்க்கிற வேலை. பதினேழு சதவீதத்தைத் தாண்டினால், கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும், திரும்பக் காயப்போடச் சொல்லிவிடுவார். அதனால் ஊரே அவரை ஈரப்பதம் என்றுதான் கூப்பிட்டது. கூரியர்காரர்கூட "ஈரப்பதம் வீடு எது?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்.

பிஸ்கட்டை உடைத்து முகர்ந்து பார்த்துத்தான் தின்பார். காலைப் பத்திரிகையைத் தடவிவிட்டு, இன்றைய செய்தி நமுத்துக் கிடக்கிறது என்பார். மாற்றலில் வந்து நான் சாமான் இறக்கிய அன்று என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார்.

"சார், உங்களுக்கு இருபதுக்கு மேல இருக்கும் போலருக்கே. கொஞ்ச நாள் வெயில்ல காயுங்க."

எனக்கு விவாகரத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த ஊரில் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் எங்களுக்குள் பேச்சே இல்லை. கீழே அவருடைய குக்கர் மூன்று விசில் விடும். கொஞ்சம் கழித்து மேலே என்னுடையது மூன்று விசில் விடும். எங்களிடையே நடந்த நீண்ட உரையாடல் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் படியேறி வந்தார். உறைக்கு மோர் கேட்பவரைப் போல வாசலில் தயங்கி நின்றார்.

"உங்க வைஃபைல கொஞ்சம் தர முடியுங்களா சார்? ரொம்ப வேணாம்."

கீழே போய்ப் பார்த்தேன். டிவிக்குக் கீழே, குழந்தையைப் போலத் துண்டு போர்த்தி, ஒரு வீடியோ கேம் பெட்டி. நாற்பத்தைந்து வயது பிரம்மச்சாரி, நெல்லுக்கே கருணை காட்டாதவர், தரையில் சம்மணமிட்டுக் கார் ரேஸ் ஓட்டுகிறவர் என்பதை நான் நம்புவதற்கு நேரம் பிடித்தது.

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதை எங்கே அடிப்பது? பழைய மாடல். வைஃபை என்ற சொல்லே அதற்குத் தெரியாது. பின்னால் ஒயர் சொருக ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. வைஃபை பிடிக்கத் தனியாக ஒரு சாதனம் வாங்க வேண்டும். அதையும் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். வைத்திருப்பவர்கள் கேம் பெட்டியின் விலையையே அதற்கும் கேட்டார்கள். கட்டைவிரல் அளவு சாமானுக்கு இது அநியாயம் என்று சொல்லி, ஈரப்பதம் நேராகக் கடைத்தெருவுக்குப் போய் இருபது மீட்டர் ஒயர் வாங்கிவந்தார்.

என் ஜன்னலிலிருந்து அவர் ஜன்னலுக்கு, நடுவில் முருங்கை மரத்தைச் சுற்றி, ஒயர் இறங்கியது. இணைப்பு கிடைத்தது. திரையில் நண்பர்கள் பட்டியல் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. அன்று சாயங்காலம் முழுவதும் அவர் விளையாடவே இல்லை. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வீட்டுக்கார அம்மா, தனக்காகத்தான் ஈரப்பதம் கொடி கட்டியிருக்கிறார் என்று எண்ணி, நனைந்த புடவைகள் நான்கை அந்த ஒயரில் உலர்த்தினார். போதாததற்கு அவரைக் கூப்பிட்டு நன்றியும் சொன்னார். மறுத்துச் சொல்ல ஈரப்பதத்துக்கு வாய் வரவில்லை. நான்காவது புடவையில் ஒயர் அறுந்தது.

அடுத்து என் ஆபீஸ் லேப்டாப். அது வைஃபையை வாங்கி, ஒரு துண்டு ஒயர் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும். ஆனால் ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். அது தூங்காமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு. இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் அவர் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டேன். அண்ணன், சிங்கப்பூர் என்றார். ஒரே மாதிரிப் பெட்டிகள் இரண்டு வாங்கி, ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்து, ஒன்றைத் தன்னோடு எடுத்துப்போனவர். ஊர் வீட்டில் அப்போது ஒயர் இணைப்பு இருந்ததாம், தினம் விளையாடியிருக்கிறார்கள். அப்பா இறந்து நிலத்தைப் பாகம் பிரித்தபோது, ஒரு வரப்பு யார் பக்கம் என்று வந்த பேச்சில் எல்லாம் முடிந்துபோனது. ஆறு வருடமாகப் போன் கிடையாது. ஊர் வீட்டை அண்ணன் பங்குக்கு விட்டுவிட்டு இவர் டவுனுக்கு வாடகைக்கு வந்துவிட்டார்.

"ஒரு போன் பண்ணிடலாமே" என்றேன்.

"பண்ணா பேசணும்ல சார்."

அடுத்த ஞாயிறு அந்தப் புள்ளி பச்சையானது. அவர் எழுந்து நின்றுவிட்டார். நானும் லேப்டாப்பை மறந்து எழுந்து நின்றேன். அது தூங்கிவிட்டது. எழுப்பி, இணைத்து, மறுபடி பட்டியல் வந்தபோது புள்ளி சாம்பலாகியிருந்தது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பரவால்லைங்க சார். அண்ணன் இன்னும் பொட்டிய தூக்கிப் போடல. அது போதும்."

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என்னிடம் வேண்டாமென்று கிடந்த பழைய ரௌட்டர் ஒன்றை இருவருமாக செல்போன் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப்போனோம். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது கொடுக்கிற மெஷின், இதை வாங்குகிற மெஷினாக மாற்றிவிட்டால் போதும் என்றார். ஏதோ மென்பொருளை ஏற்றி, கால் மணி நேரத்தில் மாற்றியும் தந்தார். மாடியிலிருந்து வருகிற வைஃபையை அது பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து ஒரு முழ ஒயர் பெட்டிக்குப் போகும். செலவு, மூன்று பேருக்கு டீ. கடைக்காரர் வேறெதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் புள்ளி பச்சையானது. ஈரப்பதம் கையைத் துண்டில் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தார், எதையும் அழுத்தவில்லை. விளையாட அழைப்பு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

ரேஸ் தொடங்கியது. மூன்றாவது வளைவில் இவர் கார் பள்ளத்தில் பாய்ந்தது. முன்னால் போன அண்ணனின் சிவப்புக் கார் சாலை நடுவே நின்றுவிட்டது. இவர் ஏறி வரும்வரை நின்று, பிறகு கிளம்பியது. பேசுவதற்கு மைக் இருந்தது. இருவருமே மாட்டவில்லை. ஞாயிறுதோறும் இப்படியே ஓடியது. வாராவாரம் அதே வளைவு, அதே பள்ளம்.

தை மாதம் ஒருநாள் மாலை, சூட்கேஸோடு ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஈரப்பதத்தின் முகமேதான், கொஞ்சம் நரைத்திருந்தது. நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். ஈரப்பதம் வாசலில் நின்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணன் பேசிய முதல் பேச்சு இது:

"ஏன்டா, அந்த மூணாவது வளைவுல பிரேக்கே போட மாட்டேங்குற?"

"நீ நிப்பேன்னு தெரியும்ல."

நான் சத்தமில்லாமல் மாடிக்கு ஏறிவிட்டேன். கீழே இரண்டு குரல்கள் வரப்பைப் பற்றிச் சண்டை போட்டன, பிறகு சிரித்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேட மாட்டார்கள் என்றும் தோன்றியது. ஏழு மணிக்கே சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சற்று நேரத்தில் ஈரப்பதம் மேலே வந்தார்.

"அண்ணன் கேக்குறாரு, மேல இருக்குற சார் சாப்ட்டாச்சான்னு."

இல்லை என்று சொல்லிவிட்டு, அவரோடு இறங்கிப் போனேன்.